முப்பத்தெட்டுப் படிகள்

ஜூன் 5, 2021, மதுரை

கொரோனாவுக்காகச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து 12 நாள் ஆகிறது. நான் வந்தது மே 24, தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கிய அதே நாள். தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது, 38 படி. ஏறி முடிக்க 11 நிமிடம் ஆனது. நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ஏப்ரல் வரைக்கும் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிய படிகள் இவை.

காய்ச்சல் விட்டுவிட்டது. வாசனையும் திரும்பிவிட்டது. போன் செய்கிறவர்கள் எல்லோரும் "அதான் சரியாயிருச்சே" என்கிறார்கள். மூச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதனால் இதை எழுதத் தொடங்குகிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

ஜூன் 9

அனுப்பி வைக்கும்போது டாக்டர் ஒரு எளிய சோதனை சொல்லிக் கொடுத்தார். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த மூச்சு எடுக்காமல், சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இன்று 14 வரை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மகளும் எண்ணினாள். அவள் 40-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். எனக்காக அவள் நிறுத்தியதுதான் ராத்திரி வரை மனதில் கிடந்தது.

நான் கணக்கு டீச்சர். 20 வருடமாக வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற வாய் இது.

ஜூன் 12

அத்தை வரமிளகாய் தாளித்தார். கூடத்தில் இருந்த எனக்கு இருமல் பிடித்து 20 நிமிடம் நிற்கவில்லை. பாவம், அவர் அடுப்பை அணைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். சாயங்காலம் ரசத்துக்குத் தாளிக்கவே இல்லை.

ஜூன் 21

நெஞ்சு டாக்டரிடம் போனோம். நீளமான தாழ்வாரத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு 6 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஓடக் கூடாது, முடியாவிட்டால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நான் நடந்தது 310 மீட்டர். உட்கார்ந்திருந்தபோது 97 இருந்த ஆக்சிஜன் அளவு நடந்து முடிக்கையில் 91.

வீட்டில் சும்மா இருந்தபடி பார்த்து "97 இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். அவரையும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் விளக்கினார். வைரஸ் போய்விட்டது, ஆனால் அது போட்ட வீக்கம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நுரையீரலில் உள்ள காற்றுப்பைகளின் சுவர் தடித்திருக்கிறது. ஆக்சிஜன் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரத்தத்துக்குள் போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் நிதானமாக ஓடுவதால் அதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. நடக்கும்போது ரத்தம் வேகமாகக் கடந்துவிடுகிறது, நேரம் போதவில்லை. அதனால் நடக்க வைத்துப் பார்த்தால்தான் குறை தெரியும்.

திரும்பி வரும்போது அவர் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார்.

ஜூன் 27

நேற்று முன்தினம் எழுந்ததும் உடம்பு லேசாக இருந்தது. அந்த சந்தோஷத்தில் போர்வை, தலையணை உறை எல்லாம் துவைத்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. நேற்றும் இன்றும் பல் தேய்க்க நிற்கவே முடியவில்லை. உட்கார்ந்துதான் குளித்தேன்.

டாக்டரின் உதவியாளரிடம் போனில் கேட்டேன். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நிறையப் பேருக்கு இப்படி ஆகிறதாம். மிஞ்சிச் செய்தால் அன்றைக்கே தெரியாது, மறுநாளோ அதற்கு மறுநாளோ படுக்க வைத்துவிடும். களைத்த பிறகு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை, இன்னும் கொஞ்சம் முடியும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும் என்றார். வீட்டு வேலை செய்து பழகிய பெண்ணுக்கு இதைவிடக் கடினமான மருந்து இருக்க முடியாது. பாதி பாத்திரத்தைத் தொட்டியில் விட்டுவிட்டு வந்து உட்கார மனம் ஒப்புகிறதா?

ஜூலை 8

இன்ஹேலர் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. மூச்சுக்குழாய் இன்னும் கூச்சத்தோடு இருப்பதால்தான் நெடி, சிரிப்பு, குளிர்ந்த காற்று எல்லாவற்றுக்கும் சுருங்கிக்கொள்கிறதாம். அந்த வீக்கத்தைக் குறைக்கும் மருந்து நேராகக் குழாய்க்கே போவதால் மிகக் குறைந்த அளவே போதும். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

மதினி போனில் பதறினார். "அது பழகிரும்மா, அப்புறம் விடவே முடியாது. கஷாயம் வச்சுக் குடி." அவருக்கு என் மேல் உள்ள அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பேச்சுக்குப் பயந்து இன்ஹேலரைத் தொடாமல் இருமிக்கொண்டிருக்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நெஞ்சைத் திறக்கிற மருந்தை ஏன் ஒளித்து வைத்துப் பயன்படுத்த வேண்டும்?

ஜூலை 19

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் நெஞ்சு டாக்டர் ஊரில் இல்லாததால் வேறு ஒருவரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் தெளிவா இருக்கு. பயம்தான் உங்களுக்கு. மனசை வேற பக்கம் திருப்புங்க" என்றார். நான் பேச வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது அழுதேன். அழுதால் இன்னும் மூச்சு முட்டும் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை.

பயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்கா ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன், பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பயமும் இருக்கலாம், மூச்சுக் குறையும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

ஜூலை 26

நெஞ்சு டாக்டர் வந்துவிட்டார். நடை 385 மீட்டர், அளவு 94-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் ஏன் இன்னும் இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று அவரே கேட்டுக்கொண்டு, இதயத்துக்கு எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். எக்கோவில் குறை இல்லை. ஹீமோகுளோபின் 9.1, பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். ஆக்சிஜனைச் சுமந்து போவதே அதுதான். நுரையீரல் கொடுத்தாலும் தூக்கிப்போக ஆள் போதவில்லை. இது கொரோனாவுக்கு முன்பிருந்தே குறைந்திருக்கும் என்றார். ரத்தசோகையோடு வேலை செய்து பழகிய நான் அதைக் களைப்பு என்றே எடுத்துக்கொள்ளவில்லை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அதை ஒட்டி டீ, காபி குடிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3

பிசியோதெரபி. என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள் அந்தப் பெண். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துச் சும்மா மூச்சு விடச் சொன்னாள். மேல் கை மட்டும் ஏறி இறங்கியது, வயிற்றுக் கை அசையவே இல்லை. நிமிடத்துக்கு 26 மூச்சு. 12 முதல் 20 வரைதான் வழக்கமாம். நோயின்போது உடம்பு தவித்து அவசர அவசரமாக, மேலோட்டமாக மூச்சு விடக் கற்றுக்கொண்டது, நோய் போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்க வேண்டிய தசையான உதரவிதானம் சும்மா கிடக்க, கழுத்தும் தோளும் பாடுபடுகின்றன. என் தோள்வலிக்கும் அன்றுதான் காரணம் புரிந்தது.

"பூவை மோந்து பாருங்க டீச்சர். அப்புறம் விளக்கை ஊதுங்க, ஆனா அணைச்சிடாதீங்க. சுடர் சாயணும், அவ்வளவுதான்."

மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுப்பது, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுவது. படி ஏறும்போது நின்று இழுத்துக்கொண்டு, ஊதிக்கொண்டே கால் வைப்பது. நான் இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறேன். இன்று இருட்டிய பிறகு காமாட்சி விளக்கின் முன்னால் உட்கார்ந்து பத்து முறை ஊதினேன். இரண்டு முறை அணைந்தது.

ஆகஸ்ட் 27

குணமாகி மூன்று மாதம் ஆனதால் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். கை வலி, ஒரு நாள் காய்ச்சல். ஒரே மூச்சில் எண்ணுவது இப்போது 27 வரை வருகிறது.

செப்டம்பர் 1

பள்ளி திறந்தாயிற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, வகுப்புக்கு 20 பேர். மாஸ்க்கோடு பேசுவதுதான் பெரிய கஷ்டம். கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை, பேசும்போது எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தபோது பிள்ளைகள் அமைதியாகக் காத்திருந்தார்கள். அந்த வகுப்பில் மூன்று பேருக்கு இந்த மே மாதத்தில் வீட்டில் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருக்கிறார்கள்.

அக்டோபர் 8

உலக சுகாதார நிறுவனம் 6-ம் தேதி இதற்கு ஒரு பெயரும் வரையறையும் வெளியிட்டிருக்கிறது. கோவிட்டுக்குப் பிந்தைய நிலை. தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகும் காணப்படுவது, குறைந்தது இரண்டு மாதம் நீடிப்பது, வேறு நோயால் விளக்க முடியாதது. களைப்பும் மூச்சுத்திணறலும் அதில் இருக்கின்றன. கணவரிடம் இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டினேன். மனசுதான் காரணம் என்று சொன்னவர் இதைப் படித்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று இரண்டாம் பாடவேளைக்கு மாடி ஏறும்போது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தான். கால்பந்து விளையாடுகிறவன். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றான். தோள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சலாம், யாரும் டெஸ்ட் எடுக்கவில்லையாம்.

படியில் உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். பூவை மோந்து பார்க்கச் சொன்னதும் அவனுக்குக் கூச்சமாகிவிட்டது, அப்புறம் செய்தான். மணி அடித்த பிறகும் அவன் தோள் இறங்கும் வரை இருந்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனோம். திங்கட்கிழமை அவன் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நடக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்பதை முதல் வரியாக.