ஊசி போட்ட பிறகுதான் வேலையே

ஜூன் 3, திங்கள்

இன்று நீண்ட ஆபரேஷன். வீட்டிலிருந்து வந்த அழைப்பு எதையும் எடுக்க முடியவில்லை. இரவு வந்ததும் பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊசி போட்டாச்சுன்னா தூங்கிடுவாங்க, அப்புறம் உனக்கு என்ன வேலை? ஒரு தடவை போன் எடுக்கக்கூடாதா?"

மயக்க மருந்து டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று பெரியவர்களே நினைக்கும்போது, ஒன்பது வயதுப் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? உட்கார்ந்து விவரமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 5, புதன்

நைட் டூட்டி. சின்னவனை அவர்தான் தூங்கவைத்திருக்கிறார். "யார் யாரையோ தூங்கவைக்கிறாங்க, என்னை மட்டும் ஏன் விட்டுட்டுப் போறாங்க?" என்று கேட்டானாம். அதை அவர் செய்தியாக அனுப்பியிருந்தார். படித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 8, சனி

கடைசியில் இன்று நேரம் கிடைத்தது. இரண்டு பேரையும் உட்காரவைத்தேன்.

"தூங்குறவங்களைக் கிள்ளினா என்ன செய்வாங்க?"

"முழிச்சுப்பாங்க" என்றான் சின்னவன்.

"நான் பார்த்துக்கிறவங்களைக் கத்தியால கீறினாலும் முழிக்க மாட்டாங்க. மருந்து உள்ளே போயிட்டே இருக்கிறவரைக்கும்தான் அப்படி. நிறுத்தினா கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்துடுவாங்க."

இந்த வித்தியாசத்தைக் குழந்தைகளிடம் அழுத்திச் சொல்வது எனக்கு முக்கியம். வெறுமனே 'தூங்கவைப்போம்' என்று சொன்னால், படுக்கப் போகவே பயப்படும் பிள்ளைகள் உண்டு.

முதலில் போடும் மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும் என்றதும், "பாலையா ஊசியில போடுறீங்க?" என்று சின்னவன் எழுந்தே விட்டான். புரோபோஃபால் என்ற அந்த மருந்து தண்ணீரில் கரையாது, அதனால் சோயா எண்ணெயில் கரைத்துக் கலக்குகிறார்கள், அந்த எண்ணெய்த் துளிகளால்தான் வெள்ளை நிறம் என்று சொன்னேன். ஒரு தடவை போட்டால் சில நிமிடங்களில் அதன் வேலை தீர்ந்துவிடும். அதனால் மருந்தையோ மயக்க வாயுவையோ தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவளுக்கு இந்த இடத்தில்தான் பிடிபட ஆரம்பித்தது.

ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை அவள் விரலில் மாட்டினேன். 98 காட்டியது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் போகின்றன, ஆக்சிஜன் நிறைந்த ரத்தமும் குறைந்த ரத்தமும் அவற்றை வேறு வேறு அளவில் உறிஞ்சுகின்றன, அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தியேட்டரில் இருக்கும் மானிட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிங்' என்று ஒலிக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஸ்வரமும் இறங்கும். நான் இறக்கி இறக்கிப் பாடிக் காட்டினேன். "மருந்து கலக்கிக்கிட்டு இருந்தாலும் காது அங்கேயேதான் இருக்கும். சத்தம் இறங்கினா உடனே திரும்பிடுவேன்."

"அப்போ முடியிறவரைக்கும் அங்கேயேதான் இருப்பியா?"

"ஆமா. சாப்பிடப் போகணும்னாகூட இன்னொரு மயக்க டாக்டர் வந்து பொறுப்பு எடுத்துக்கணும்."

போன் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. பழைய காலத்து மயக்க மருந்தான ஈதரின் கதை கேட்டாள். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில், மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை மூச்சில் இழுக்கவைக்க, கழுத்துக் கட்டியை அறுவை மருத்துவர் அகற்றியதைச் சொன்னேன். அதற்கு முன்னால்? நோயாளியை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள், வேகமாக அறுப்பவரே நல்ல டாக்டர் என்று பெயர் வாங்குவார். அதற்கு மேல் விவரிக்கவில்லை. அந்த வயதுக்கு அது போதும்.

ஜூன் 13, வியாழன்

சின்னவனுக்கு முன்பல் ஆடுகிறது. வாயைத் திறக்கச் சொல்லி விரலால் அசைத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு வரும் குழந்தைகளிடமும் இதைத்தான் முதலில் பார்ப்பேன், ஆடும் பல் விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாதே என்றேன். அவனுக்கு ஒரே பெருமை. எதற்காகப் பட்டினி போடுகிறோம் என்றும் சொன்னேன்: மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். அதனால் சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்.

பெரியவள் அப்போதுதான் கேட்டாள்: "யாராவது எழுந்திருக்காமப் போயிட்டா?"

நடக்கவே நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரொம்ப ரொம்ப அபூர்வம், ஏற்கெனவே உடம்பு மோசமாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அதனால்தான் முன்கூட்டியே போய் அத்தனை கேள்வி கேட்கிறேன் என்றேன். "பயமா இருக்குமா?" என்றாள். சில நாள் இருக்கும் என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

நான் டூட்டியில் இருக்கும்போது அவள் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்று அவரிடமும் பேசி வைத்திருக்கிறேன். நாளை மறுபடி நைட். எட்டு மணிக்குள் உள்ளே போகாவிட்டால் நானே கூப்பிடுகிறேன்.