பொம்பெயித் தெருநாய்

கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ‘லைவ் அட் பொம்பெயி’ படத்தைக் கீறல் விழுந்த ஒரு விசிடியில் பார்த்தேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊரின் கல் அரங்கில், 1971 அக்டோபரில், ரசிகர் கூட்டமே இல்லாமல் நான்கு பேர் வாசிப்பதை, விளக்கை அணைத்துவிட்டு ஒன்பது பேர் ஒரே அறையில் அடைந்து கிடந்து பார்த்தோம். உரையாசிரியர் எங்கள் இறுதியாண்டு அண்ணன்.

படத்தின் நடுவே நீண்ட முகமுடைய நாய் ஒன்று ஊளையிடும்; குழுவில் ஒருவரான கில்மோர் மவுத் ஆர்கன் வாசிக்க, இன்னொருவரான ரைட் நாயின் வாயருகே மைக்கைப் பிடித்திருப்பார். அண்ணன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். பொம்பெயியில் சங்கிலியோடு கட்டப்பட்டு, தப்ப வழியின்றிச் செத்த ஒரு நாயின் வார்ப்பு இருக்கிறது என்றும், அதன் வம்சத்தில் வந்த தெருநாய்தான் இது என்றும், தன் மூதாதைக்காகவே இப்படி அழுகிறது என்றும் விளக்கினார். செத்த நாயின் உடல் சாம்பலில் விட்டுச்சென்ற குழிக்குள் சுதை ஊற்றி எடுத்த வார்ப்பு உண்மையிலேயே உண்டு. பாதி உண்மையாக இருந்ததுதான் வினையாயிற்று. மீதியையும் சேர்த்து இருபது வருடங்களாக அலுவலகத்திலும் கல்யாணப் பந்திகளிலும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருமுறை சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது.

2025இல் படம் துலக்கப்பட்டு மறுபடி வெளிவந்ததும், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தேன். படம் இவ்வளவு துல்லியமாக இருந்திருக்க வேண்டாம். அன்று ஆவிகளின் நடமாட்டமாகத் தெரிந்த நிழல்களெல்லாம் பெட்டிகளாகவும் கம்பிகளாகவும் மாறிவிட்டன. அரங்கில் இருந்த மின்சாரம் போதாமல், ஊர் நகராட்சிக் கட்டடத்திலிருந்து கேபிள் இழுத்து வந்துதான் கச்சேரியையே தொடங்கினார்களாம். அந்தப் பக்கமாக வந்த என் மனைவி திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஆளே இல்லாத கடையில் யாருக்கு இப்படி டீ ஆற்றுகிறார்கள்?” என்று கேட்டாள். தொலைந்த பாஸ்போர்ட்டைத் தேடி மாலையில் அரங்குக்குத் திரும்பிய இயக்குநர் ஏட்ரியன் மேபனை அந்த வெறுமைதான் கவர்ந்தது என்று சொன்னேன். பாஸ்போர்ட் கிடைத்ததா என்று கேட்டாள்.

ஒரு பாட்டில் கேமரா டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனையே சுற்றிச்சுற்றி வரும். தாளமே பிரபஞ்சத்தின் மையம் என்பது அண்ணனின் உரை. மற்றவர்களைப் படம்பிடித்த சுருள்கள் தொலைந்துபோயின என்பது வரலாறு. அந்தப் பாட்டில் மேசனின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவ, தாளம் தவறாமல் அவர் வேறொன்றை எடுத்துக்கொள்வதை மட்டும் மனைவி மனமாரப் பாராட்டினாள்.

“இப்போது கவனி, குழுவின் வாட்டர்ஸ் சேகண்டியை ஒரே மாதிரி ஏழு முறை அடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்” என்று மகளை எச்சரித்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. துலக்குகிறேன் என்று யாரோ அந்த ஏழையும் வெட்டிவிட்டார்கள் என்று கொதித்தேன். விசிடியின் கீறலைத்தான் இத்தனை வருடமாக ரசித்திருக்கிறேன் என்பது உறைக்க, இன்னொரு பாட்டு முடிய வேண்டியிருந்தது.

நாய் வந்ததும் கதையை ஆரம்பித்தேன். பாதியில் மகள், “அப்பா, இது ஏதோ அறைக்குள் எடுத்த மாதிரி இருக்கிறதே?” என்றாள். உண்மைதான். அவள் கைபேசியில் தேடி, அது பாரிஸில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த காட்சி என்றும், நாய் நோப்ஸ் என்ற பெயருடைய, சர்க்கஸ் குடும்பத்தில் வளர்ந்த ரஷ்ய வேட்டை நாய் என்றும் வாசித்துக் காட்டினாள். அதே பாட்டின் இசைத்தட்டுப் பதிவில் ஊளையிட்டதோ வேறொரு நாயாம். அதாவது, இந்த நாய் அழுதது இன்னொரு நாய்க்குப் பதிலாக.

அன்றிரவே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது வங்கி ஒன்றில் மேலாளராக இருக்கிறார். பாரிஸ், ஸ்டூடியோ, சர்க்கஸ் என எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். எதிர்முனையில் நெடுநேரம் சத்தமில்லை. மனிதர் உடைந்துபோனாரோ என்று எனக்கே சங்கடமாகிவிட்டது.

பிறகு அண்ணன் நிதானமாகக் கேட்டார்: “பொம்பெயியிலிருந்து அதைப் பாரிஸுக்கு யார் கூட்டிப்போனார்கள் என்று போட்டிருக்கிறதா?”