வன்னியில் அந்த முன்னிலை எங்கே போனது?

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், இலங்கையின் வடக்கில் உள்ள வன்னித் தேர்தல் மாவட்டத்தில், ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திதான் முதலிடம். ஆறு ஆசனங்களில் இரண்டு. எங்கள் சனம் மனம் விரும்பிப் போட்ட வாக்கு அது. ஆறே மாதத்தில், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், நாடு முழுவதும் 61 வீதத்துக்கு மேல் இருந்த கட்சி 43க்கு இறங்கியது. வன்னியின் முல்லைத்தீவுப் பக்கம் இலங்கைத் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்தது.

காரணம் பலதும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் காணிதான். பிரசாரம் தொடங்குகிற நேரம் பார்த்து மார்ச் 28 அரசின் காணி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி. எதை வைத்து நிரூபிக்கிறது? 2009 போரில் உடுத்த உடுப்போடு வந்த சனம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா சொப்பிங் பையைக் கவிழ்த்துக் காட்டினார்: முகாம் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஒரு மங்கின காணி பெர்மிட் கொப்பி. காணி உறுதி, போர் முடிந்த முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது.

அப்புறம் ஏப்ரலில் மன்னாருக்கு வந்த ஜனாதிபதி, உள்ளூராட்சிச் சபை தங்கள் கட்சியின் கையில் இருந்தால் யோசிக்காமல் நிதி தரலாம், மற்றவர்கள் என்றால் பத்துத் தரம் பார்க்க வேண்டும் என்ற மாதிரிப் பேசினார். அது சனத்துக்குச் சுட்டது.

வர்த்தமானியைப் பிறகு மீளப்பெற்றார்கள், சரி. ஆனால் வென்ற எங்கள் தமிழரசு ஆட்களும் இதைத் தங்கள் கெட்டித்தனம் என்று நினைக்க வேண்டாம். தொலைந்த காணிப் பத்திரங்களுக்குப் பதில் பத்திரம் எடுத்துக் கொடுக்கிற வேலையை இப்பவே தொடங்குங்கள்.