அரியணைக்கு ஆள் தேடிய நாடுகள்

2025 ஜூலை 6, கோபிசெட்டிபாளையம்

அயல்நாட்டார் ஒருவரைத் தாமே அழைத்து அரசராக்கிய நாடுகளைப் பற்றிப் படித்து வருகிறேன். இன்று ஸ்வீடன். 1809இல் பின்லாந்தை ரஷ்யாவிடம் பறிகொடுத்த அந்நாடு தன் அரசரையும் பதவியிலிருந்து இறக்கியது. அடுத்து முடிசூடிய பதின்மூன்றாம் கார்ல் வாரிசில்லாத முதியவர். டென்மார்க்கிலிருந்து வந்த பட்டத்து இளவரசரோ 1810 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, சவ ஊர்வலத்தன்றே ஃபெர்சன் என்ற பெருந்தலையை ஸ்டாக்ஹோம் தெருவில் கூட்டம் அடித்துக் கொன்றது. இந்தக் களேபரத்தில் மோர்னர் என்ற இளம் லெப்டினன்ட், எவரும் அதிகாரம் தராமலேயே, பாரிஸில் நெப்போலியனின் தளபதி பெர்னதோத்தைச் சந்தித்து, பட்டத்து இளவரசராக வர முடியுமா என்று கேட்டுவிட்டார். திரும்பி வந்தவரைக் கைது செய்தார்கள். ஆனால் ஆகஸ்ட் 21 அன்று எரெப்ரூவில் கூடியிருந்த நாடாளுமன்றம் அதே பெர்னதோத்தைத் தேர்ந்தெடுத்தது. 1806இல் லூபெக்கில் சிறைப்பட்ட ஸ்வீடன் வீரர்களை அவர் கண்ணியமாக நடத்தியது பலருக்கு நினைவிருந்தது. அவர் வந்தால் பின்லாந்தை மீட்கலாம் என்ற கணக்கும் இருந்தது. வந்தவரோ ரஷ்யாவுடன் சேர்ந்து நெப்போலியனையே எதிர்த்து, பின்லாந்துக்கு மாறாக நார்வேயைப் பெற்றார். ஸ்வீடிஷ் மொழி அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. அவர் வமிசம் இன்றும் அரியணையில் இருக்கிறது.

ஜூலை 9

இதைக் கேட்ட சித்தப்பா, "பங்காளிகளுக்குள்ள முதல் மரியாதை ஒத்துவரலைன்னா மூணாம் ஊர்க்காரனைத்தான் கூப்புடோணும், கண்ணு" என்றார். கிரேக்கத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. 1831இல் ஆட்சித் தலைவர் கபோதிஸ்திரியாஸைத் தேவாலய வாசலில் கொன்றவர்கள் அவரோடு பகைத்த உள்நாட்டுக் குலத்தார். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து பவேரியாவின் பதினேழு வயது ஓட்டோவைத் தேர்ந்தன; 1862இல் கிரேக்கர்கள் அவரைத் துரத்தினார்கள். பிறகு நடந்த வாக்கெடுப்பில் விக்டோரியா அரசியின் மகன் ஆல்ஃபிரட் இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார். அந்த மூன்று நாடுகளின் அரச குடும்பத்தினர் அந்த அரியணையில் ஏறக்கூடாது என்ற உடன்படிக்கை குறுக்கே நின்றது. 1863இல் அரசரானவர் வெறும் 6 வாக்குகள் பெற்ற டென்மார்க் இளவரசர். மக்களைக் கேட்டார்கள், கேட்டபடி செய்யவில்லை.

ஜூலை 10

நார்வே, 1905. அழைக்கப்பட்ட டென்மார்க் இளவரசர் கார்ல், மக்கள் வாக்கெடுப்பு நடத்தினால்தான் வருவேன் என்று நிபந்தனை வைத்தார். ஆதரவு 2,59,563, எதிர்ப்பு 69,264. அழைப்பை நம்பாமல் அழைத்தவர்களைச் சோதித்த இந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 20, காஞ்சிபுரம்

இதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் பக்கத்தில் நடந்ததைக் காணவே கொங்கிலிருந்து இங்கு வந்தேன். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில், இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் ஆளின்றிப் போன பல்லவ அரியணைக்காக, அமைச்சர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்த கடிகையாரும் பல்லவரின் கிளைக்குடியில் வந்த இரணியவர்மனிடம் சென்று மன்னனைக் கேட்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. மூத்த மகன்கள் மறுக்க, பன்னிரண்டு வயது இளையவன் நான் போகிறேன் என்கிறான்; அவனே நந்திவர்மன் பல்லவமல்லன். மணற்கல் அரித்து முகங்கள் மழுங்கியிருந்தாலும், சிற்பங்களை விளக்கும் எழுத்துகள் சில இடங்களில் தெரிகின்றன. ஆனால் கோயிலைக் கட்டியவனும் அவனே. உதயேந்திரம் செப்பேடு வேறொன்றும் சொல்கிறது: நந்திபுரத்தில் முற்றுகையில் சிக்கிய நந்திவர்மனைத் தளபதி உதயச்சந்திரன் மீட்டு, சித்திரமாயன் என்ற பல்லவ அரசனைக் கொன்றான். ஆகவே அந்தத் தூதுக்குழுவுக்குப் பின்னால் காஞ்சி முழுவதும் நின்றதாக நான் நம்பவில்லை.