வற்றும் குட்டையில் பாசி வகுப்பு

ஜனவரி 18
மழைநீர் வற்றி ஈரம் மட்டும் மிஞ்சிய மண்ணில் பச்சைப் படலம். இதை விரலால் சுரண்டக் கூடாது. கத்தியால் அரை அங்குல ஆழம் மண்ணோடு வெட்டி, பெட்ரி தட்டில் வைக்க வேண்டும். காரணம் ஃபிரிட்சியெல்லா. சென்னைப் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932-இல் விவரித்த பாசி. லண்டனில் தமக்கு வழிகாட்டிய ஃபிரிட்ச்சின் பெயரையே அதற்கு வைத்தார். மண்ணுக்குள் உருண்டைச் செல்களின் கொத்தும் வேரிழையும், மேலே கிளைவிட்ட இழைகளும் உள்ள உடல் அது. சுரண்டினால் கீழ்ப்பாதி மண்ணிலேயே தங்கிவிடும். பாடமே அந்தக் கீழ்ப்பாதிதான்.

ஜனவரி 19
இரண்டு குப்பிகள் நாறிவிட்டன. பாசியைத் திணித்து மூடியதால் வந்த வினை. கால் பங்கு பாசி, கால் பங்கு குட்டை நீர், மீதி காற்று என்பதே அளவு. ஆய்வகம் வந்ததும் அகன்ற தட்டில் ஊற்றி, நேர் வெயில் படாமல் ஜன்னலோரம் வைக்கவும். சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடவும்; மை கரைந்துவிடும். எஞ்சியதை ஒரு பங்கு ஃபார்மலின், ஒன்பது பங்கு நீரில் பாதுகாக்கலாம். ஆனால் நாளடைவில் பச்சை வெளுக்கும். ஆகவே படம் உயிருள்ள பாசியைப் பார்த்தே வரைய வேண்டும்.

ஜனவரி 22
ஸ்பைரோகைரா என்னும் இழைப்பாசி. எல்லா ரெக்கார்டு நோட்டிலும் செல்லுக்கு ஒரே ஒரு பச்சைச் சுருள் பட்டை! ஸ்லைடிலோ மூன்று. புத்தகப் படம் கண்ணை மறைக்கிறது. இனிமேல் பெயரைச் சொல்லும் முன் இரண்டு கேள்விகள்: ஒரு செல்லில் எத்தனை பட்டை? செல்லின் நீளம் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு? அதற்குத்தான் மதிப்பெண்.

ஸ்லைடில் இரண்டு மூன்று இழை போதும். கொத்தாக வைத்தால் கவர் ஸ்லிப் படியாது. நுண்ணோக்கியில் முதலில் 10 மடங்கு லென்ஸ், பிறகு 40. உயிர்ப்பாசி கண்ணாடிபோல் இருப்பதால், ஒளியின் அளவை மாற்றும் டயாஃப்ரத்தைக் கொஞ்சம் மூடினால்தான் விளிம்பு தெரியும். அயோடினை இளந்தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்து ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் மையொற்றுத் தாளால் உறிஞ்சவும். பட்டையிலுள்ள புரத மணியான பைரினாய்டைச் சுற்றிய மாவுச்சத்து நீலக்கருப்பாகும். கரைசல் கெட்டியானால் செல் முழுவதும் கருத்து, ஒன்றும் எண்ண முடியாது.

ஜனவரி 29
குட்டை காய்ந்துவிட்டது. மேல்மண்ணைக் காகிதப் பொட்டலத்தில், இடமும் தேதியும் எழுதி எடுத்தாயிற்று. ஃபிரிட்சியெல்லாவின் அடிக்கொத்து வறட்சியைத் தாங்கும். அடுத்த வகுப்பில் பாதி மண்ணை மட்டும் நனைத்து, மறுபாதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே பக்கத்தில் வைக்க வேண்டும்.