இரண்டு கிழமை என்று வந்தவன்

“இரண்டு கிழமைதான் அக்கா” என்று ஒரு பையோடு உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். சித்தப்பா முறையான ஒருவரின் மகன். திருகோணமலையில் வேலை கிடைக்கப்போகிறது என்றான். சொந்தக்காரப் பையனிடம் வாடகை பேசுவதா? பேசவில்லை. பதினொரு மாதமாகியும் வேலை வரவில்லை. முன்னறை மின்விசிறி மட்டும் இரவு பகலாகச் சுழன்றது. நான் முகத்தைக் காட்டினால், “பிள்ளை சாப்பிட்டானா?” என்று அம்மா கேட்பார்.

பூட்டை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் வெளியே போன நேரம் பையைத் தூக்கி வாசலில் வைத்தால் முடிந்தது கதை! தெரிந்த சட்டத்தரணி தடுத்தார். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, கைகலப்பு வரலாம் என்று தகராறு ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், வீட்டு உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் என்பதா முதல் கேள்வி? இல்லையாம். யார் குடியிருந்தார், முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் பார்ப்பார்களாம். நான் அவசரப்பட்டால் நீதிமன்றமே அவனை மறுபடி என் முன்னறையில் கொண்டுவந்து விடலாம்.

பத்து வருடம் இருந்தால் வீடு அவனுக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமி வேறு பயமுறுத்தியிருந்தார். அனுமதியோடு வந்தவனுக்கு வருடத்தை எண்ணுவதால் மட்டும் உரிமை வராது என்று சட்டத்தரணி சிரித்தார். ஆனால் வதிவிடச் சான்றிதழுக்கு அவன் கையெழுத்துக் கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நல்ல வேளை, நான் போட்டிருக்கவில்லை.

அவர் சொன்னபடி கடிதம் எழுதினேன்: என் அனுமதியில் தங்கியிருக்கிறாய், அதை நிறுத்திக்கொள்கிறேன், இந்தத் தேதிக்குள் வெளியேறு. பதிவுத் தபாலில் என் வீட்டு முகவரிக்கே அனுப்பினேன். தபால்காரர் படலையில் நிற்க, அவன் என்னிடமே பேனா வாங்கிக் கையெழுத்திட்டான்.

தேதி கடந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கென்றால் ஆண்டுக்கணக்காக இழுபடும் என்பதால் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தேன். முதல் தவணைக்கு அவன் வரவில்லை. அடுத்ததற்குத் தன் தாயோடு வந்தான். மூன்று மத்தியஸ்தர்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு பக்கமும் இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான். நான் கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் மேசையில் வைத்தேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன் அவன் தாய் கேட்டார்: “பதினொரு மாதமா? என்னிடம் மூன்று என்றல்லவா சொன்னாய்?”

அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. இருபத்தொரு நாள் தவணை; மின்கட்டணத்தை நான் விட்டுக்கொடுப்பது. கையெழுத்தானது.

இருபதாம் நாள் ஓட்டோ வந்தது. திறப்பை அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா ஒரு சோற்றுப் பார்சல் கொடுத்தார். பின்னிருக்கையில் எங்கள் மின்விசிறியும் இருந்தது. நான் பார்க்காததுபோல் படலையைச் சாத்தினேன்.