பியானோ பகுதியையும் பாடம் பண்ணுங்கள்: கிரேடு 8 பாட்டுத் தேர்வு அனுபவம்

மேற்கத்திய வாய்ப்பாட்டில் ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியம்) நடத்தும் கிரேடு 8 தேர்வுக்கு இரண்டு முறை போனேன். 150-க்கு 100 எடுத்தால் பாஸ். முதல் தடவை 97. இரண்டாவது பாட்டில் பியானோ மட்டும் ஒலிக்கும் இடத்தில் எண்ணிக்கை தவறி, முன்னதாகவே பாட ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பதற்றம் சைட் சிங்கிங், அதாவது முன்பு பார்த்திராத இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடும் பகுதி, வரைக்கும் விடவில்லை.

"உன் வரியை மட்டும்தான் படிச்சிருக்கே. பியானோ என்ன வாசிக்குதுன்னு உனக்குத் தெரியலைம்மா" என்றார் என் பாட்டு மிஸ். ஓபரா (மேற்கத்திய இசைநாடகம்) பாடகி மரியா காலஸ் எப்படிப் படித்தார் என்று தேடிப் பார்க்கச் சொன்னார்.

காலஸின் காதல் கதைகள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைத் தாண்டிப் போங்கள். 1923-ல் நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், பதின்வயதில் ஏதென்ஸில் எல்விரா டி ஹிடால்கோவிடம் பயின்றார். தன் பாடம் முடிந்தாலும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். மற்ற மாணவர்களின் பாடங்களையும் உட்கார்ந்து கேட்பார். அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை. மேடையில் கண்ணாடி போட முடியாது, இசைக்குழுவை நடத்துபவரின் கைக்கோல் தெரியாது. ஆகவே முழு ஸ்கோரையும் (எல்லோருடைய பகுதிகளும் அடங்கிய இசைக்குறிப்பு) மனதில் ஏற்றிக்கொண்டே மேடையேறினார். 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் ஓபராவில் ப்ரூன்ஹில்டே பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது, உடம்புக்கு முடியாமல்போன பாடகிக்குப் பதிலாக பெல்லினியின் ஓபராவில் வரும் எல்விரா என்ற பாத்திரத்தைச் சில நாட்களில் கற்றுப் பாடினார். முன்னது கனத்த சாரீரம் கேட்கும் பாத்திரம், பின்னது பிருகாக்களால் ஆனது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் பாடவே இல்லை. பியானோ பகுதியின் பதிவை மட்டும் ஸ்கோரோடு கேட்டேன். நான் நுழையும் இடத்துக்கு முன் இடதுகை என்ன வாசிக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டேன். என் பாட்டின் இத்தாலிய வரிகளை ராகமில்லாமல், பேசுவதுபோல் சொல்லிப் பழகினேன். மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு மற்றவர்களின் வகுப்பிலும் உட்கார்ந்தேன். என் மூச்சுத் தவறு அங்கேதான் புரிந்தது.

சைட் சிங்கிங்குக்கு முன் அரை நிமிடம் தருவார்கள். அதில் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். அதற்கு அனுமதி உண்டு.

இரண்டாம் முறை 124. பாஸுக்கு மேலே, மெரிட்.

தேர்வில் பியானோ துணையில்லாமல் பாடும் நாட்டுப்பாடலுக்கு 21 மதிப்பெண். தினமும் பாடி முடித்ததும் கடைசி ஸ்வரத்தைப் பியானோவில் தட்டிச் சரிபாருங்கள். ஆரம்பத்தில் எனக்கு அரை ஸ்வரம் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று.